தலைப்புக்கு ஏழு வரிசை

"எழுத்து பாதிதான் தெரியுது" என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் சொல்வது, "கட்டத்தை அகலமாக்கிப் பாருங்க." அடுத்து, "வரிசையை உயரமாக்கிப் பாருங்க." அதற்கும் சரியாகவில்லை என்றால், "ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எழுத்தைத் தள்ளி வச்சிருக்கீங்களா?" பெரும்பாலான புகார்கள் இதற்குள்ளேயே முடிந்துவிடும். இதற்குத்தான் எனக்குச் சம்பளம். தென்காசியில், சாரல் அடித்தால் ஜன்னலை மூடிவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார வேண்டிய ஒரு மாடியில், அரசு விரிதாள்களுக்கான உதவி மையம் நடக்கிறது. அதில் நான் ஒருத்தி. பெயர் பேராச்சி. எனக்குக் கோபம் வந்தால் கீழே டீக்கடை வரை கேட்கும் என்று சொல்வார்கள். அன்றைக்கு அதற்கும் அப்பால் கேட்டிருக்கும்.

புயல் நாளன்று காலையில் வந்த அழைப்பு அது. எடுத்ததுமே ஒரு பெண் குரல் கேட்டது.

"மேடம், கட்டத்துக்குள்ள எழுத்து மறைஞ்சு போச்சுன்னா சரி பண்ணிக் குடுக்கது நீங்கதானே?"

"ஆமாம்மா. எந்த ஆபீஸ்ல இருந்து பேசுதீங்க?"

"ஆபீஸ் இல்ல மேடம். அந்தக் கட்டத்துல மறைஞ்சு கெடக்கது நாந்தான்."

எழுத்தர்கள், கணக்கர்கள், தாசில்தார்கள் என்று எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். தாளுக்குள் இருக்கும் ஆளே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் ஹெட்போனைச் சரி செய்துகொண்டேன்.

அவர் பெயர் ஞானப்பூ. கோரைமுனையில் உப்பளத் தொழிலாளி. கணவர் மிக்கேல் உப்பு லாரியில் இருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, கம்பி வைத்துப் படுத்திருக்கிறார். தூக்கி உட்கார வைக்கக்கூட முடியாது. கடல் ஊருக்குள் ஏறும் என்று அறிவித்தாகிவிட்டது. நடக்க முடிந்தவர்கள் நடந்து முகாமுக்குப் போய்விட்டார்கள். முடியாதவர்களுக்கு ஓட்டுநர் இல்லாத மீட்பு வேன் வரும். ஞானப்பூ வீட்டுக்கு ஒதுக்கீடு இல்லை. தாலுகா ஆபீஸில் கேட்டால், "சாட்சி மெஷின் உன் முகவரி முழுசா இல்லைன்னு சொல்லுது" என்று அனுப்பிவிட்டார்கள்.

"எங்க போன் போட்டாலும் மெஷின்தான் பேசுது மேடம். தாள் ரிப்பேர் பாக்க எடத்துல மட்டும் மனுசங்க போன் எடுப்பாங்கன்னு ஒரு அண்ணன் சொன்னாவ. அதான் போட்டேன்."

கோரைமுனைப் பக்கத்தைத் திறந்தேன். மேலே தலைப்பு. எல்லாத் தாளிலும் இருப்பதுதான், கண் அதில் நிற்பதே இல்லை. அதைத் தாண்டிக் கீழே வந்தேன். ஞானப்பூ வரிசை கிடைத்தது. முகவரிக் கட்டத்தில், "பழைய உப்பளத்துக்குப் பின்புறம்," என்று ஒரே ஒரு வரி தெரிந்தது. அந்தக் காற்புள்ளிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. கட்டத்தின் மேல் சொடுக்கினேன். முழுசும் உள்ளே இருந்தது.

"பழைய உப்பளத்துக்குப் பின்புறம், உடைந்த பம்ப்செட்டுக்குத் தெற்கே, கருவை மரத்தை ஒட்டி, நீலத் தார்ப்பாய் போட்ட மூன்றாவது வீடு. இதுதானேம்மா?"

"அதேதான் மேடம்! அம்புட்டும் இருக்குல்லா? அப்பொறம் ஏன் வேன் வரல?"

"இருக்கு. ஆனா வெளிய தெரியல. வரிசை குட்டையா இருக்கு. முதல் வரி மட்டும் வெளிய நிக்குது, மிச்சம் கீழ அமுங்கிக் கெடக்கு."

"மெஷினுக்கு உள்ள இருக்கது தெரியாதா?"

"தெரியும். ஆனா பாக்கக் கூடாது. சட்டம் அப்படி."

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். முன்பு நிவாரணத் தாள்களில் நடந்த அக்கிரமம் கொஞ்சநஞ்சமல்ல. வேண்டாதவன் வரிசையை மறைத்து வைப்பார்கள். வெள்ளைக் கட்டத்தில் வெள்ளை எழுத்தில் வேண்டியவன் பெயரை எழுதுவார்கள். பாதி ஊரை இரண்டாம் பக்கத்தில் தள்ளிவிட்டு, முதல் பக்கத்தை மட்டும் சுவரில் ஒட்டுவார்கள். ஜனங்கள் வழக்குப் போட்டு, தெருவில் இறங்கிக் கத்தி, கடைசியில் பார்வைச் சட்டம் வந்தது. ஓர் ஊருக்கு ஒரே பக்கம். எல்லா எழுத்தும் ஒரே அளவு. கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள். சாதாரண மனிதன் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் என்ன தெரியுமோ, அதை மட்டுமே அரசின் இயந்திரமும் பார்க்க வேண்டும். அந்த இயந்திரத்துக்குச் சாட்சி என்று பெயர் வைத்தார்கள். நாளுக்கு ஒரு தடவை, நண்பகலில், அது ஒவ்வொரு ஊர்ப் பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கும். அது பார்த்ததுதான் பதிவு. அதன்படிதான் வேன் போகும், அரிசி போகும், முகாம் வாசல் திறக்கும்.

நல்ல சட்டம்தான். வந்த அன்றைக்கு நாங்கள் எல்லோரும் லட்டு சாப்பிட்டோம்.

"அப்போ அந்த வரிசைய இழுத்து விடுங்க மேடம்" என்றார் ஞானப்பூ. "உங்களுக்கு அதிகாரம் இருக்குல்லா?"

இருக்கிறது. புயல் அறிவித்ததும் தாளைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே ஓர் எழுத்தை மாற்ற யாராலும் முடியாது. எங்களுக்கு மட்டும் தோற்றத்தைச் சரி செய்ய அனுமதி உண்டு. கட்டத்தை அகலமாக்கலாம், வரிசையை உயரமாக்கலாம். தரவைத் தொடக்கூடாது. அகலமாக்க அந்தப் பக்கத்தில் இடமில்லை. வலப்பக்க ஓரம் வரை நெருக்கி அடித்திருந்தார்கள். உயரம்தான் வழி. அதற்கு முன்னால் தாலுகா ஆபீஸுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. ஞானப்பூவை லைனிலேயே வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸைப் பிடித்தேன்.

எடுத்தவர் தாணுலிங்கம், அந்தத் தாளைத் தயாரித்த எழுத்தர்.

"சார், உங்க கோரைமுனைத் தாள்ல முகவரி எல்லாம் பாதியில நிக்குது. முன்னாடி வேற ஒரே இடைவெளியா கெடக்கு. ஸ்பேஸ் பாரா?"

"ஆமா மேடம்" என்றார் கொஞ்சம் பெருமையாக. "நான் டைப்ரைட்டிங்ல ஹையர் முடிச்சவன். கட்டத்துக்கு நடுவுல எழுத்து வரணும்னா இடது பக்கம் எண்ணி ஸ்பேஸ் விட்டுத்தான் அடிப்பேன். பிரிண்ட்ல பாருங்க, அச்சு மாதிரி இருக்கும்."

"அச்சு மாதிரி இருக்கு சார். அந்த இடைவெளி எடத்தை அடைச்சுக்கிட்டதுல, எழுத்து அடுத்த வரிக்குப் போயிட்டு. வரிசை குட்டையா இருக்கதால அந்த அடுத்த வரி தெரியவே இல்ல. வரிசையை ஏன் சார் இப்படிக் குட்டையா பூட்டி வச்சிருக்கீங்க?"

"கலெக்டர் அய்யா உத்தரவு மேடம். எல்லா வரிசையும் ஒரே உயரத்துல இருக்கணும். ஒண்ணு உசரம், ஒண்ணு குட்டைன்னு இருந்தா ஆய்வுக் கூட்டத்துல தாளைத் தூக்கி எறிஞ்சிருவாரு. சாயந்தரம் அமைச்சர் வேற கோரைமுனை முகாமுக்கு வர்றாரு. தாள் அழகா இருக்க வேண்டாமா?"

"ஆளு தெரியலியே சார்."

"தரவு உள்ள பத்திரமா இருக்கு மேடம். தெரியல, அவ்வளவுதான்."

எனக்குக் காதில் புகை வந்தது. ஆனால் அந்த மனிதரைத் திட்டி என்ன பயன்? அவருக்கு மேலே இருப்பவரைப் பிடித்தேன். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு துணை ஆட்சியர். இளம் குரல். பின்னால் யாரோ மைக் டெஸ்டிங் செய்துகொண்டிருந்தார்கள்.

"மேடம், யாரும் விடுபடல" என்றார் அவர். "கோரைமுனை லிஸ்ட் முழுமையா என்ட்ரி ஆகியிருக்கு. நானே செக் பண்ணினேன்."

"என்ட்ரி ஆகியிருக்கு சார். வெளிய தெரியல. சாட்சி நண்பகல்ல பாக்கும்போது முகவரி பாதியிலதான் நிக்கும். வேன் ஒதுக்காது."

"அது டிஸ்பிளே இஷ்யூ. டேட்டா இஷ்யூ இல்ல. நீங்க டிக்கெட் போட்டு வைங்க, புயல் முடிஞ்சதும் பாக்கலாம்."

"புயல் முடிஞ்சதும் யாரைப் பாக்கப் போறீங்க சார்?"

லைன் துண்டாகிவிட்டது. துண்டித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

திரும்பவும் தாளைப் பார்த்தேன். இந்தத் தடவை நிதானமாக, ஒவ்வொரு வரிசையாகப் படித்தேன். மேலே இருந்தவர்கள் எல்லாம் முழுசாக இருந்தார்கள். கடற்கரைச் சாலையில் ஒரு கதவு எண். தேரடித் தெருவில் ஒரு கதவு எண். மாதா நகரில் ஒரு பிளாட். அரை வரியில் முடிந்துவிடுகிற முகவரிகள். பட்டா இருக்கிறவனுக்குக் கதவு எண் இருக்கிறது. கதவு எண் இருக்கிறவன் முகவரி சின்னது. பட்டா இல்லாதவனுக்குத்தான் உடைந்த பம்ப்செட்டும் கருவை மரமும் தார்ப்பாயும் வேண்டியிருக்கிறது. அவன் வீட்டைக் கண்டுபிடிக்க நான்கு வரி எழுதினால்தான் முடியும். அந்த நான்கு வரியில் மூன்றை வெட்டிவிட்டு, அழகாக இருக்கிறது என்கிறார்கள். "ஐஸ் கம்பெனி மதிலுக்கும்", "இடிந்த சுங்கச்சாவடியில் இருந்து", "இறால் பண்ணைக் காவலாளி குடிசைக்கு" என்று வரிசை வரிசையாகத் தலை மட்டும் தெரிந்தது. முன்பு திருட்டுத்தனமாகச் செய்ததை இப்போது யாரும் திட்டம் போடாமலேயே, யாருக்கும் பாவம் ஒட்டாமலேயே செய்கிறார்கள். திருடனையாவது பிடிக்கலாம். அழகுக்காகச் செய்தேன் என்பவனை என்ன செய்ய?

"மேடம், இருக்கீங்களா? தண்ணி பாத்தி வரப்புக்கு மேல வந்துட்டு" என்றார் ஞானப்பூ.

"இருக்கேம்மா. இந்தா, இழுக்கேன்."

அவர் வரிசையின் கீழ்க்கோட்டைப் பிடித்து இழுத்தேன். ஒவ்வொரு வரியாக வெளியே வந்தது. பம்ப்செட் வந்தது, கருவை மரம் வந்தது, நீலத் தார்ப்பாய் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் பக்கத்தின் அடியைப் பார்த்தேன். கடைசி வரிசையைக் காணோம்.

கோட்டைப் பழையபடி மேலே ஏற்றினேன். கடைசி வரிசை திரும்ப வந்தது. சஸ்மிதா நாயக், ஒடிசா, இறால் பண்ணைத் தொழிலாளி, கைக்குழந்தையுடன். கடைசியாக ஊருக்கு வந்தவள், கடைசியாகப் பதிந்தவள். மறுபடி இழுத்தேன். சஸ்மிதா போனாள். ஒரே பக்கம். பக்கம் நிரம்பிவிட்டது. ஒருத்தி வெளியே தெரிய வேண்டுமானால் இன்னொருத்தி கீழே விழ வேண்டும்.

ஞானப்பூ அவசரப்படுத்தினார். "என்ன மேடம்? ஆகலியா?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, சொல்லிவிட்டேன்.

அவர் கத்தினார்.

"ஏன்க்கா எங்கிட்ட சொன்ன? நீ பாட்டுக்குச் செஞ்சுட்டுப் போயிருக்க வேண்டியதுதானே? அந்தப் புள்ளைய எனக்குத் தெரியும்க்கா. புள்ளை பெத்து வந்தப்போ நாந்தான் வெந்நி வச்சு ஊத்துனேன். இப்போ நான் என்ன சொல்லணும்ங்க? அவள எடுத்துட்டு எங்களப் போடுன்னு என் வாயால சொல்லணுமா?"

"சொல்ல வேண்டாம் தாயி."

"பெறகு எதுக்கு எங்கிட்ட கேக்க?" அழுகையும் ஆத்திரமுமாக இருந்தது அந்தக் குரல். "அந்தத் தாள்ல எங்க ஆளுவள விட்டா வேற ஒண்ணுமே இல்லியா? தள்ளுறதுக்கு நாங்கதான் இருக்கமா?"

வேற ஒண்ணுமே இல்லியா. நான் பக்கத்தின் மேலே போனேன்.

தலைப்பு. கண் நிற்காத அந்தத் தலைப்பு. நடுவில் அரசுச் சின்னம். அதற்குக் கீழே, "மாண்புமிகு பேரிடர் மேலாண்மைத் துறை அமைச்சர் அவர்களின் பொற்கரங்களால் தொடங்கி வைக்கப்பட்ட". அதற்குக் கீழே அமைச்சர் பெயர், பட்டங்களோடு. அதற்குக் கீழே, "மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் சீரிய வழிகாட்டுதலில்". அதற்குக் கீழே, "வருவாய்க் கோட்டாட்சியர் அவர்களின் மேற்பார்வையில்". அதற்குக் கீழே திட்டத்தின் பெயர். கடைசியில் அழகுக்கு ஒரு வெற்று வரிசை. ஏழு வரிசைகளை ஒன்றாகச் சேர்த்து, எண்ணி எண்ணி ஸ்பேஸ் விட்டு, நட்ட நடுவில் அடித்து வைத்திருந்தார் தாணுலிங்கம். அந்த வரிசைகளின் உயரத்தை மட்டும் யாரும் ஒடுக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒய்யாரமாகக் கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அதுதான்.

இத்தனை வருடமாக நானும் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்! எனக்கு வந்த கோபத்தில் மேசையைக் குத்தினேன். டீக் கிளாஸ் உருண்டது.

"என்ன பேராச்சி?" என்று எழுந்து வந்தார் ரெஜினால்டு சார். எங்கள் மேற்பார்வையாளர். ஓய்வு பெறப் போகிறவர். எந்த வம்புக்கும் போகாதவர். திரையைப் பார்த்தார்; நான் எங்கே கை வைத்திருக்கிறேன் என்பதையும் பார்த்தார்.

"அதுல கை வைக்காதீங்கம்மா."

"ஏன் சார்? தோற்றத்தைச் சரி பண்ண எனக்கு அனுமதி இருக்கு. தலைப்பைத் தொடக்கூடாதுன்னு விதியில எங்கயாவது இருக்கா?"

அவர் யோசித்தார். நேர்மையான மனிதர். "இல்ல. தொட ஒருத்தருக்குத் தைரியம் வரும்னு யாரும் நினைக்கல. அதனால எழுதல."

"ஆளுங்க வரிசையை நசுக்குனது தப்பில்லையா?"

"அது தோற்றப் பிழை."

"இதுவும் தோற்றப் பிழைதான் சார். நான் சரி பண்ணுதேன்."

"வேலை போயிரும் பேராச்சி. பிள்ளைங்க படிச்சிக்கிட்டு இருக்காங்க உங்களுக்கு."

"அங்க ஒரு மனுசன் இடுப்புல கம்பியோட படுத்துக் கெடக்கான். தண்ணி வரப்புக்கு மேல வந்துட்டு சார். என்ன பேச்சுப் பேசுதீங்க?"

கத்திவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது. ரெஜினால்டு சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டைப் பையில் இருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"கண்ணாடி இல்லன்னா எனக்குத் திரையில ஒண்ணும் தெரியாது" என்றார். "துடைச்சு முடிக்க நேரமாகும்."

ஏழு வரிசைகளையும் சேர்த்துப் பிடித்தேன். அதன் அடிக்கோட்டை மேலே தள்ளினேன். பொற்கரங்கள் போயின. சீரிய வழிகாட்டுதல் போயிற்று. மேற்பார்வை போயிற்று. கடைசியில் ஒரு மயிரிழைக் கோடு மட்டும் மிஞ்சியது. ஓர் எழுத்தைக்கூட நான் அழிக்கவில்லை. எல்லாம் உள்ளேயே இருந்தது.

பிறகு கீழே இருந்த எல்லா வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, எழுத்துக்கு ஏற்ற உயரத்துக்கு விட்டேன். அப்படியே பக்கம் மூச்சு விட்டது. ஐஸ் கம்பெனி மதிலுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே இருந்த வீடு வெளியே வந்தது. சுங்கச்சாவடியில் இருந்து கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருந்த குடிசை வந்தது. ஞானப்பூவின் நான்கு வரியும் வந்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று கோணல். அடியில் சஸ்மிதா நாயக்கும் கைக்குழந்தையும் ஓரத்தை ஒட்டினாற்போல் நின்றார்கள். விழவில்லை.

நண்பகல் ஆனது. சாட்சி பார்த்தது. திரையில் அதற்கென்று ஒரு சத்தமும் கிடையாது. ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே வேன் எண் விழும். மேலே இருந்து விழுந்துகொண்டே வந்தது. ஞானப்பூவுக்கு எதிரே விழுந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"வேன் போட்டாச்சு தாயி! வருது!"

"நெசமாவா? அந்தப் புள்ளைக்கு?"

"அவளுக்கும்தான். எல்லாருக்கும்."

"யாரைக்கா எடுத்தீங்க?"

"ஆளுங்க யாரையும் எடுக்கல."

போனை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் வைக்கவில்லை. மிக்கேலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டும் சத்தம் கேட்டது. அவர் வலியில் திட்டினார். இவர் திருப்பித் திட்டினார். பிறகு தூரத்தில் வேன் ஹாரன். ஞானப்பூ வாசலுக்கு ஓடினார்.

"யக்கா, பம்ப்செட்டுகிட்ட நின்னுட்டு! வர மாட்டேங்குது! அங்கயே நின்னுக்கிட்டு என்னமோ சொல்லுது."

"என்ன சொல்லுது?"

கேட்டது. வேன் ஒலிபெருக்கியில், காற்றுக்கு நடுவே, ஒரு பொறுமையான குரல் படித்தது: "கருவை மரத்தை ஒட்டி, நீலத் தார்ப்பாய் போட்ட மூன்றாவது வீடு. கருவை மரத்தை ஒட்டி, நீலத் தார்ப்பாய் போட்ட மூன்றாவது வீடு."

"தார்ப்பாயி எங்க தாயி?"

"விடியவே காத்துல பிச்சுக்கிட்டுப் போயிட்டே!"

பாழாய்ப்போன மெஷின். தாளில் தெரிந்ததை அப்படியே தேடுகிறது. "நீலமா எதையாவது தூக்கிக் காட்டு! சீலை, லுங்கி, எதையாவது! கூரை மேல வை!"

தடதடவென்று எதுவோ உருண்டது. "கொடம் இருக்கு, தண்ணிக் கொடம்!" பிறகு அவர் எதன் மேலோ ஏறும் சத்தம். மிக்கேல் உள்ளே இருந்து "ஏ கிறுக்கி, விழுந்துராத" என்று கத்தினார். நீலப் பிளாஸ்டிக் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளை புயலில் கூரை மேல் நிற்பதை, தென்காசியில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்தேன். கண்ணால் இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

ஒலிபெருக்கி நின்றது. எஞ்சின் சத்தம் நெருங்கியது.

"வருதுக்கா" என்றார் ஞானப்பூ.

ரெஜினால்டு சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் ஒரு புது டீயை வைத்துவிட்டுப் போனார்.

மாலைக்குள் கோரைமுனை முகாமில் எல்லா வரிசைக்கும் எதிரே "சேர்ந்தார்" என்று விழுந்துவிட்டது. நான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தபோது, மையத்தில் எல்லா லைனும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் ஓர் ஊரே பாதி மறைந்து கிடந்தபோது ஞானப்பூவைத் தவிர ஒருத்தரும் கூப்பிடவில்லை. இப்போது தாலுகா, கோட்டம், மாவட்டம், தலைநகரம் எல்லாம் கூப்பிட்டது. தாணுலிங்கம் அழுதார். காலையில் டிஸ்பிளே இஷ்யூ என்று சொன்ன துணை ஆட்சியர், "மேடம், மேடம், ப்ளீஸ் மேடம்" என்றார். அவருக்கு எத்தனை மேடம் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் ஒரு கனத்த குரல் வந்தது. அமைச்சரின் உதவியாளராம்.

"யார்மா அங்க? கோரைமுனை முகாம் வாசல்ல அய்யா மழையில நிக்கிறாரு. கேமரா எல்லாம் வந்திருக்கு. வாசல் திறக்க மாட்டேங்குது."

"வாசல் என்ன சொல்லுது சார்?"

"'இப்பக்கத்தில் இப்பெயரில் எவரும் இல்லை'ன்னு சொல்லுது! திட்டமே அய்யாவோடதும்மா! தலைப்புல அய்யா பேர் இருக்கணுமே, அதைக் காணோம். உடனே வரிசையை இழுத்து விடு!"

கட்சிக்காரர்கள் முகாமுக்குள் புகுந்து அரிசி மூட்டையைத் தூக்கக் கூடாது என்று, பக்கத்தில் பெயர் தெரிகிறவர்களை மட்டுமே வாசல் உள்ளே விட வேண்டும் என்று சட்டம் போட்டது அவர் அரசாங்கம்தான். நல்ல சட்டம் என்று நான் ஏற்கெனவே சொன்னேன்.

"இழுத்து விடலாம் சார். ஆனா சாட்சி இன்னிக்குப் பாத்தாச்சு. இனி நாளைக்கு நண்பகல்லதான் பாக்கும்."

போன் கைமாறியது. புதுக்குரலில் மழை சொட்டியது. மேடையில் கேட்டுக் கேட்டுப் பழகிய குரல்தான்; மைக் இல்லாததால் மெலிந்திருந்தது.

"இந்தாம்மா, நான் யாருன்னு தெரியுதா? என் பேரையே அழிச்சுட்டீங்களா?"

கோரைமுனைப் பக்கம் என் முன்னால் திறந்திருந்தது. மேலே மயிரிழைக் கோடு. அதற்குக் கீழே ஊர் முழுசாக இருந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. உதவி மையத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்களோ, அப்படியே பணிவாகச் சொன்னேன்.

"அழிக்கலைங்க அய்யா. பயப்படாதீங்க. தரவு உள்ள பத்திரமா இருக்கு. தெரியல, அவ்வளவுதான்."